கேளுங்க, சொல்றோம்: கணவாய் வழியே கோவை எஃப்.எம்.

கே: எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைங்க. 91.1-ல் ரேடியோ சிட்டி கேட்டுட்டிருக்கும்போதே மலையாள விளம்பரம் குறுக்கே வந்துருது. மாடியில் கம்பி ஏத்திக் கட்டியும் போகலைங்க.

ப: ஏத்திக் கட்டினதுதான் வினை. உயரம் கூடினால் கோவை மட்டுமா வரும்? திருச்சூரும் கூடவே வரும். அங்கே ரேடியோ மாங்கோ இருப்பது 91.9-ல். நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தாலும், முள் வைத்த பழைய செட்டால் பக்கத்து நிலையத்தை முழுசாகத் தள்ளி வைக்க முடியாது.

உங்களுக்குத் தேவை உயரம் இல்லை, திசை. 10 மி.மீ. அலுமினியக் குழாயில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 75 செ.மீ. வெட்டுங்கள். (கணக்கு: 7125-ஐ அலைவரிசை எண்ணால் வகுக்க வேண்டும். 91.1-க்கு 78, 106.4-க்கு 67 வரும். 75 வைத்தால் எல்லா நிலையத்துக்கும் ஒப்பேறும்.) பி.வி.சி. பைப்பில் இரண்டையும் ஒரே கோட்டில், நடுவில் 2 செ.மீ. விட்டு, படுக்கை வசமாகப் பூட்டுங்கள். கேபிள் டி.வி. ஒயரின் நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, மேல் வலை மற்றதுக்கு. ரேடியோ பக்கம் நடுக்கம்பியை ஏரியலில் கிளிப் போட்டு, வலையைப் பேட்டரியின் மைனஸில் தொடுங்கள்.

இனிதான் சூட்சுமம். எல்லோரும் ஆன்டெனாவின் அகலப் பக்கத்தைக் கோவைக்கு நேராகத் திருப்புவார்கள். நீங்கள் குழாயின் ஒரு முனையைத் திருச்சூரைப் பார்த்து, அதாவது மேற்கிலிருந்து சற்றே தெற்கு சாய்த்து, நீட்டுங்கள். முனை பார்க்கும் திசையிலிருந்து இந்தக் கம்பிக்கு ஏறக்குறைய எதுவும் ஏறாது. கோவை உங்களுக்கு வடக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே, நேர்கோட்டில் 33 கி.மீ. அளவில் இருப்பதால் அது கொஞ்சம் குறைந்தாலும் தாராளமாகக் கேட்கும். பாட்டு போட்டபடியே ஒருவர் விரல்கடை விரல்கடையாகத் திருப்ப, இன்னொருவர் கீழே கேட்டுச் சொல்லட்டும்.

ஒயர் சேரும் இடத்தை எம்-சீல் வைத்து மூடுங்கள். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை இறங்கினால் வெள்ளையாய்ப் பூத்து, ஒரே சீசனில் சத்தம் செத்துவிடும். இடி இடித்தால் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள்.

கே: வாளையாறில் மலையடிவாரத்துல வீடு. அப்பா காலத்துல கோவை வானொலி கணீர்னு வந்தது, இப்போ எஃப்.எம். வரமாட்டேங்குதே?

ப: அப்பா கேட்டது மத்திய அலை, 999 கிலோஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 300 மீட்டர், தரையைத் தழுவிக்கொண்டே மேடு பள்ளம் தாண்டும். எஃப்.எம். அலை 3 மீட்டர்தான், மலைக்குப் பின்னால் வளையாது. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கி.மீ. திறந்து கிடப்பதால் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் பக்கம் தப்பித்தது, நீங்கள் நிழலில் மாட்டிக்கொண்டீர்கள். நெட் இருந்தால் ஆப்பில் கேளுங்கள், செலவு மிச்சம்.

கே: கோவையில் இத்தனை எஃப்.எம். எப்போ முளைச்சது? ஒரே பாட்டையே போட்டுத் தேய்க்கிறாங்களே!

ப: இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பே சென்னையில் 1977-ல் தொடங்கியது, அதுவும் அரசு வானொலிதான். தனியாருக்குக் கதவு திறந்த முதல் கட்ட ஏலத்தில் கோவைக்கு வந்தது சூரியன் எஃப்.எம்., 93.5. அந்த உரிமத்தில் கட்டணம் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறும். விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும், எடுத்தவர்கள் பலர் கடையே திறக்கவில்லை. 2005-ல் நுழைவுக் கட்டணம் போக வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றியபிறகுதான் மிர்ச்சி 98.3, ஹலோ 106.4, சிட்டி 91.1 எல்லாம் இங்கே கால் வைத்தன.

பாட்டு விஷயம் சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு. ஆட்டோவிலும் கடையிலும் கேட்பவர் கொஞ்ச நேரம்தான் கேட்பார், அதற்குள் புது ஹிட் ஒன்று காதில் விழ வேண்டும். அதனால் முதல் வரிசைப் பாட்டுகள் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பும். நாளைக்கு அதே மணியில் அதே பாட்டு விழாமல் மென்பொருள் தள்ளிப் போடும். நாள் முழுக்க ரேடியோ ஓடும் மளிகைக் கடைக்காரர்தான் பாவம்.

கே: எல்.இ.டி. பல்பு போட்டதிலிருந்து கரகரன்னு ஒரே இரைச்சல்.

ப: செட்டைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயினை அணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் பல்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். பெரும்பாலும் வடிகட்டி இல்லாத மலிவு பல்பு. அதை மாற்றுங்கள், ரேடியோவைப் பிரிக்காதீர்கள்.