வெறும் ஈயம் அல்ல

அன்புள்ள ஐயா,
1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போர்ப் பதக்கங்கள் இரண்டு கிடைத்தன. ஒன்று வெள்ளி, விளிம்பில் ஒரு கேப்டனின் பெயர் இருக்கிறது. அவர் எந்த ரெஜிமெண்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று வெறும் ஈயம், டூப்ளிகேட்தானே? புளி போட்டுத் தேய்க்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,
கேப்டன் இருக்கட்டும். திப்பு சுல்தானை வென்ற படைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த இந்தப் பதக்கம் பெயர் பொறிக்காமல்தான் வழங்கப்பட்டது. விளிம்பில் இருப்பது பின்னால் செதுக்கியது. அதை மட்டும் நம்பித் தேடாதீர்கள்.

'வெறும்' என்று எப்படி எழுத மனம் வந்தது? பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணய ஆலையில் பதவி பார்த்து உலோகம் பிரித்தார்கள். தளபதிக்குத் தங்கம், கர்னல், மேஜருக்கு முலாம் பூசிய வெள்ளி, கேப்டனுக்கும் அவருக்குக் கீழுள்ள இளைய அதிகாரிகளுக்கும் வெள்ளி, அதற்குக் கீழே பழுப்பேற்றிய செம்பு, கடைசியில் சிப்பாய்க்கு வெள்ளீயம், அதாவது டின். வெள்ளீயத்தில் மட்டும் ஏறத்தாழ 45,000. மதராஸ் படையில் போன நம் ஊர்க்காரனுக்குக் கிடைத்தது அதுதான். ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் உலோகம். கேப்டனைத் தேடுகிறீர்கள், அவனைக் குப்பையில் போடப் பார்க்கிறீர்கள்!

முதலில் விட்டத்தை அளந்து பாருங்கள். சோஹோவில் அடித்தது 48 மி.மீ.; கல்கத்தாவில் அடித்த தங்கமும் வெள்ளியும் 45. அச்சில் வார்த்த போலி ஆறும்போது சுருங்கி அரை மி.மீ. போலக் குறையும், எழுத்தோரம் மழுங்கும், ஊசித்துளைகள் தெரியும். அடுத்து எடை போடுங்கள். பிறகு தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி முழுதாக மூழ்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. தராசு காட்டும் எண்ணால் எடையை வகுங்கள். 7.3 அருகில் வந்தால் வெள்ளீயம், 11 தாண்டினால் காரீயம், அதாவது லெட். வெள்ளீயக் கலவையில் செய்த போலியும் 7.3-ஐ ஒட்டி வரும். அதனால்தான் விட்டத்தை முதலில் சொன்னேன்.

புளி வேண்டாம். திருநீறு, பல்பொடி எதுவும் வேண்டாம். நகம் பட்டாலே கீறுகிற உலோகம் அது. பதக்கத்தில் புலியை அமுக்கி நிற்கும் சிங்கத்தின் பிடரிமயிர்தான் முதலில் தேயும், போனால் போனதுதான். வெள்ளியின் கருப்பும் அப்படியே இருக்கட்டும்.

வளையம் ஒட்ட ஆசாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ஊதுகுழல் நெருப்பு பட்டால் வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்த கதைதான்.

விலை பற்றி நான் பேசுவதில்லை. விட்டம், எடை, தண்ணீரில் வந்த எண், மூன்றையும் எழுதி அனுப்புங்கள். ஈயத்தினுடையதை முதலில்.