பின்லாந்துக் குளிர்காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பின்லாந்தின் குளிர்கால வாழ்க்கை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்நாட்டின் ஔலு நகரில் வசிக்கும் நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.

ம. ரா., தஞ்சாவூர்: பின்லாந்து என்றதும் உறைபனிதான் நினைவுக்கு வருகிறது. அங்குள்ளவர்களை அதிகம் வாட்டுவது குளிரா, இருளா?

இருள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999 ஜனவரியில் வடக்கிலுள்ள கிட்டிலா வட்டாரத்தில் மைனஸ் 51.5 டிகிரி பதிவானது. இந்நாட்டில் இதுவரை பதிவான குளிரில் அதுவே உச்சம். ஆனால் குளிருக்கு உடை உண்டு, வீடு உண்டு. இருளை அப்படி வெளியே நிறுத்திக் கதவடைக்க முடியாது. நாட்டின் வடகோடியிலுள்ள உட்ஸ்யோகியில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மீண்டும் தலைகாட்டும். அதற்குத் தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் ஔலுவிலும் டிசம்பர் பிற்பகுதியில் காலை பத்தரை மணிவாக்கில் எழும் சூரியன் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் அடைந்துவிடுவதால், வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் கிளம்பி இருட்டில்தான் வீடு திரும்புகிறார்கள்.

ஆயினும் எல்லோரும் கரித்துக்கொட்டுவது ஜனவரியை அல்ல, நவம்பரை. ஜனவரியில் தரையெங்கும் பனி படிந்திருப்பதால் தெருவிளக்கின் ஒளியும் நிலவொளியும் அதில் பட்டுத் தெறித்து ஊரே ஓரளவு துலக்கமாக இருக்கும். நவம்பரிலோ பனி நிலைக்காமல், மழையும் சேறும் கருத்த தாருமாக, விழும் வெளிச்சத்தையெல்லாம் தரையே விழுங்கிவிடும். அந்த மாதத்தில் பல வீடுகளின் காலையுணவு மேசையில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளிதரும் விளக்கு ஒன்று இடம்பிடிக்கும். அதன் முன்னே அரைமணி நேரம் அமர்ந்து காப்பி குடிப்பதுதான் இருள் தரும் சோர்வுக்குச் சிகிச்சை. வெயிலில்லாத குறையை ஈடுகட்ட 2003 முதல் பாலிலும் மார்கரின் என்னும் தாவர எண்ணெய் வெண்ணெயிலும் வைட்டமின் டி சேர்க்கிறார்கள். 2010-இல் அந்த அளவை இரட்டிப்பாக்கினார்கள்.

சு. ல., கோயம்புத்தூர்: என் மகன் ஔலுவில் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறான். மைனஸ் 20 டிகிரியிலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன் என்கிறான். உண்மைதானா, அல்லது என்னைப் பயமுறுத்திப் பார்க்கிறானா?

உண்மைதான் அம்மா; அதில் அவருக்குத் துணையும் நிறைய உண்டு. பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற முதியவர்கள் எனப் பலரும் இங்கே பனியில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு 2013-இல் முதன்முதலாக நடந்ததும் இந்த ஊரில்தான். இதற்குக் காரணம் மக்களின் நெஞ்சுரம் என்று எழுதுவது வழக்கம். நான் நகராட்சியின் வேலைத்திறன் என்பேன். 900 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சைக்கிள் பாதைகள், பெருஞ்சாலைகளைத் தொடாமல் அவற்றின் அடியில் சுரங்கவழியாகக் கடந்து செல்கின்றன. இரவில் பனி கொட்டினால், முக்கியமான பாதைகளை மக்கள் வேலைக்குக் கிளம்புமுன் வாரி ஒதுக்கிவிடுகிறார்கள். வாருவது என்றால் தார் தெரியும்வரை சுரண்டுவதன்று. அடியில் மெல்லிய பனிப்படலத்தை இறுக்கமாக விட்டுவைத்து, அதன்மேல் சீப்பால் வாரியதுபோல் கோடு கிழித்து, பொடிச்சரளை தூவிவிடுவார்கள். ஆணி பதித்த டயர் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். உப்பைத் தூவினால் பனி கரைந்து கூழாகிச் சக்கரத்தை வழுக்கிவிடும் என்பதால் இப்பாதைகளில் அதைத் தவிர்க்கிறார்கள்.

நீங்கள் அவருக்குச் சொல்லவேண்டியவை வேறு. கடும்குளிரைவிட ஆபத்தானது பூஜ்யத்தை ஒட்டிய நாள். பனி உருகி, அதன்மேல் நீர் நின்று, மறுபடி உறைந்த கண்ணாடித் தரையில் நடந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்கள் அத்தகைய நாள்களில்தான் அதிகம். காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை கடைகளில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே தடித்த கோட்டை நம்பாமல், உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் இன்னொன்று, வெளியே காற்றைத் தடுக்கும் உடை என அடுக்கடுக்காக உடுத்தட்டும். வீட்டுப் படியிறங்கும்போது சற்றே குளிர்கிறது என்றால் உடை சரியாக இருக்கிறது என்று பொருள்; அப்போதே கதகதப்பாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் வியர்த்து, நின்றவுடன் அந்த ஈரமே உடலை நடுக்கிவிடும். இருட்டில் நடப்பவர்கள் ஒளி எதிரொளிக்கும் வில்லை அணிய வேண்டும் என்பது இங்கே சட்டம். கோட்டுப் பையிலிருந்து நூலில் தொங்கி முழங்காலருகே ஆடும் அந்தச் சிறு வில்லைதான், கார் விளக்கு பட்டதும் தொலைவிலிருந்தே மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

ப. தே., மதுரை: கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பனியில் தூங்க விடுவார்களாமே! கொடுமையில்லையா?

கேட்கும்போது அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குள் புகையும் நெரிசலும் காசநோயும் மிகுந்திருந்த காலத்தில், வெளிக்காற்றே குழந்தைக்கு நல்லது என மருத்துவர்கள் பரிந்துரைத்து வேரூன்றிய பழக்கம் இது. கம்பளியும் உறக்கப்பையும் சுற்றிய குழந்தை, மாடத்திலோ முற்றத்திலோ மூக்கு மட்டும் வெளியே தெரிய இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கும். தாய் அவ்வப்போது குழந்தையின் பிடரியில் விரல் வைத்துச் சூடு பார்ப்பார். குளிர் மைனஸ் 10, 15 எனக் கடுமையாகும்போது பெரும்பாலோர் உள்ளேயே தூங்க வைக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் ஒருவரும் இதற்கு இசையமாட்டார்கள் என்பதை நான் அறிவேன்.

க. வே., சேலம்: ஆறு மாதம் வீட்டைச் சூடாக்க மின்கட்டணம் எவ்வளவு ஆகும்?

அது எத்தகைய வீடு என்பதைப் பொறுத்தது. நகரத்து அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. வெப்ப நிலையத்தில் சூடாக்கிய நீர் நிலத்தடிக் குழாய்கள் வழியே கட்டடத்துக்கு வந்து அறைகளைச் சூடாக்குகிறது, அதற்கான செலவு மாதாந்திரப் பராமரிப்புத் தொகையிலோ வாடகையிலோ அடங்கிவிடும். மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே 21 டிகிரி இருக்கும் என்பதால், வெளியே எலும்பு உறையும் நாளிலும் வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு உலாவலாம். இங்கே படிக்க வந்த நம் மாணவர்கள் பலரும், மார்கழியில் ஊர் வீட்டில்தான் தாங்கள் அதிகம் நடுங்கியதாகச் சொல்வார்கள்.

மின்சாரத்தால் சூடாகும் தனிவீடுகளின் கதை வேறு. 2024 ஜனவரி 5 அன்று வடக்கிலுள்ள எனொன்டெக்கியோவில் மைனஸ் 44 டிகிரியைத் தாண்டிய குளிரில், வழக்கமாகச் சில சென்ட்டுக்கு விற்கும் ஒரு யூனிட்டின் சந்தை விலை மாலையில் 2 யூரோவை நெருங்கியது. மணிக்கு மணி மாறும் விலையில் ஒப்பந்தம் செய்திருந்தவர்கள் துணி துவைப்பதைத் தள்ளிப்போட்டார்கள். அன்று வார இறுதி தொடங்கும் வெள்ளிக்கிழமையாக இருந்தும், சவுனா என்னும் வெந்நீராவிக் குளியலையே தள்ளிப்போட்டவர்களும் உண்டு. பின்லாந்துக்காரர் இதற்குமேல் தியாகம் செய்யமாட்டார். காருக்கும் மின்சாரம் வேண்டும்: வண்டி நிறுத்துமிடங்களில் வரிசையாக நிற்கும் சிறு கம்பங்களிலிருந்து எஞ்சினைச் சூடாக்க வயர் இழுத்து, கிளம்புவதற்கு ஓரிரு மணி நேரம் முன்னதாகத் தானே இயங்கும்படி முள்ளைத் திருப்பி வைப்பார்கள். புதிதாக வருபவர்கள், இங்கே டீசல் கார்கூட மின்சாரத்தில் ஓடுகிறதோ எனத் திகைப்பார்கள்.

அ. ஜெ., நாகர்கோவில்: இத்தனை இருளிலும் குளிரிலும், உலகின் மகிழ்ச்சியான நாடு என்று எப்படிப் பெயர் வாங்கினார்கள்?

2018 முதல் ஆண்டுதோறும் பின்லாந்துக்கு முதலிடம் தந்த உலக மகிழ்ச்சி அறிக்கை என்னும் அந்த ஆய்வு, நேற்று எவ்வளவு சிரித்தீர்கள் என்பதைக் கொண்டு நாடுகளைத் தரம் பிரிப்பதில்லை. உங்கள் வாழ்க்கைக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்றே கேட்கிறது. கூரை, மருத்துவம், பள்ளி ஆகியவை உறுதியாக இருக்கும்போது மனிதர் தாராளமாக மதிப்பெண் போடுகிறார். நவம்பரில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம் இதே கேள்வியைக் கேட்டால், அவர் உங்களிடமிருந்து இன்னும் இரண்டடி தள்ளி நிற்பார்.

இரா. செ., புதுச்சேரி: ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தவர்கள் பின்லாந்து மக்கள்தானே? அது என்னவாயிற்று?

ஆம், 70,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 2017-இல் இங்குள்ள நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2021-இல் இவ்வழக்கத்தை நிறுத்திவிடலாம் என 2019-இல் வாக்களித்தது. ஆனால் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிய கோடை நேரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, குளிர்கால நேரத்தையா என்பதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் உடன்படவில்லை. கோடை நேரத்தை ஆண்டு முழுவதும் நீட்டித்தால் டிசம்பர் பிற்பகுதியில் தலைநகர் ஹெல்சிங்கியில் சூரியன் காலை 10.20-க்குப் பிறகே உதிக்கும். பிள்ளைகள் முதல் இரண்டு வகுப்புகளையும் நள்ளிரவு போன்ற இருட்டில் படிக்க நேரும். மாலையில் கூடுதலாக ஒரு மணி வெளிச்சம் கிடைக்குமே என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. மனிதரை எழுப்பி உட்கார வைப்பது காலை வெளிச்சம், ஆகவே என் வாக்கு குளிர்கால நேரத்துக்கே. முடிவு எட்டப்படாததால், மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அதிகாலை மூன்று மணியை நான்காக்கும் வேலை இன்னும் தொடர்கிறது.