பெங்களூரைச் சுற்றி மலையேற ஒற்றைப் பட்டை ஸ்லிங் பை போதுமா? எப்படிப் பார்த்து வாங்குவது?

நந்தி மலை, சாவனதுர்கா மாதிரி இடங்களுக்குக் காலையில் கிளம்பி மதியம் திரும்புவதற்கு ஸ்லிங் பை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும்.

முதலில் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. ஃபோன், பவர் பேங்க், மழைக்கோட்டு, கடலை மிட்டாய் எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஒரே தோளில் ஏற்றினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் 6 முதல் 10 லிட்டர் கொள்ளளவு போதும். பெரிய பை வாங்கினால் எதையாவது திணிக்கத்தான் தோன்றும்.

நான் விட்டுக்கொடுக்காத விஷயம், அக்குளுக்குக் கீழே குறுக்காக மாட்டும் துணைப் பட்டை. சாவனதுர்கா மொட்டைப் பாறை. சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற முடியும். அப்போது துணைப் பட்டை இல்லாத பை சரிந்து முன்னால் வந்து தொங்கும், கால் வைக்கிற இடத்தையே மறைக்கும். கடையிலேயே நிறைந்த தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் போட்டு, மாட்டிக்கொண்டு நன்றாகக் குனிந்து பாருங்கள். பை மார்புப் பக்கம் நகர்ந்தால் வேண்டாம். பட்டையை இரண்டு தோளிலும் மாற்றி மாட்ட முடிந்தால் ரொம்ப நல்லது, வலிக்கும்போது தோள் மாற்றலாம்.

துணி நைலானாக இருந்தால் சரி. வெளியே வலைப் பாக்கெட் இருந்தால் அதில் தின்பண்டம் வைக்காதீர்கள், நந்தி மலைக் குரங்குகள் உருவிவிடும்.

நாள் முழுக்க நடப்பதென்றால் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். அதற்கு இரண்டு தோளிலும் மாட்டும் பைதான் சரி.