பழைய காம்பாக்ட் கேமராவுக்கு ஆட்-ஆன் லென்ஸ் செட் வாங்கலாமா?

கேள்வி: சார், என்கிட்ட நாலு வருஷமா ஒரு காம்பாக்ட் டிஜிட்டல் கேமரா இருக்கு, 12 மெகாபிக்சல், 3எக்ஸ் ஜூம், 35-லேர்ந்து 105 மிமீ வரைக்கும் போகும். பொண்ணு டான்ஸ் ஆடுறா, பின் வரிசைல உக்காந்து எடுத்தா மேடைல எறும்பு மாதிரி தெரியுறா. வீட்டு விசேஷத்துல எல்லாரையும் ஒரே போட்டோல அடக்கவும் முடியல. 2எக்ஸ் டெலி, 0.45எக்ஸ் வைடு, மாட்டுற அடாப்டர் டியூப் எல்லாம் சேர்ந்த ஒரு செட் பார்த்து வச்சிருக்கேன், கேமரா வாங்குன விலையில பாதிக்கு கொஞ்சம் மேல வருது. கிரெடிட் கார்டுல ஆறு தவணையா போட்டுக்கலாம்னு இருக்கேன், கார்டுல ஏற்கனவே கொஞ்சம் பாக்கி ஓடுது. புது கேமரா வாங்குறதுக்கு இது சிக்கனம்தானே?

பதில்: கடைசி வரிக்கு முதல்ல சொல்லிடுறேன், சிக்கனம் இல்லங்க. நீங்க பாதி விலைன்னு சொல்றது நாலு வருஷம் முன்னாடி கேமரா வாங்குன விலையில பாதி, ஆனா அந்த கேமராவ இன்னிக்கு விக்கப் போனா என்ன குடுப்பாங்கன்னு ஒரு தடவ விசாரிச்சுப் பாருங்க, அனேகமா இந்த செட்டோட விலைய விட கம்மியாத்தான் இருக்கும். நாளைக்கே கேமரா ரிப்பேர் ஆச்சுன்னா அந்த டியூப் வேற மாடலுக்கு சேராது, லென்ஸ வேணா ஸ்டெப் ரிங் (அளவு மாத்தி மாட்டுற வளையம்) போட்டு வேற எதுலயாவது மாட்டலாம், அதுவும் அமைஞ்சாத்தான்.

சரி, பொண்ணு டான்ஸுக்கு வருவோம், உங்க ஆசையே அங்கதான இருக்கு. டெலி கன்வெர்ட்டர்ங்கறது கேமரா லென்ஸுக்கு முன்னாடி மாட்டுற ஒரு குட்டி டெலஸ்கோப் மாதிரிதான், 105 மிமீ-ய 210 ஆக்கும் (மிமீ கூடக் கூட தூரத்துல இருக்கறது பெருசா தெரியும்), முன்னாடி மாட்டுறதுனால எஃப் நம்பரும், அதாவது லென்ஸ் வெளிச்சத்த உள்ள விடுற கணக்கும், மாறாது, இதுவரைக்கும் நல்ல விஷயம்தான். ஆனா மேடைல உங்களுக்கு இருக்குற பிரச்சனை தூரம் மட்டும் இல்ல, வெளிச்சமும்தான். காம்பாக்ட் கேமராவுல ஜூம் முழுசா இழுத்தா லென்ஸ் ஏற்கனவே உள்ள வர்ற வெளிச்சத்த கொறைச்சிடும், அதனால ஷட்டர் 1/30 செகண்ட், 1/40 செகண்ட்னு மெதுவா ஓடும், ஆடுற குழந்தையோட கை ரெண்டும் இழுத்த மாதிரி கலங்கித்தான் வரும். இப்ப அதுல 2எக்ஸ் மாட்டுனா கை நடுக்கமும் ரெண்டு மடங்கா தெரியும், 210 மிமீ-க்கு ஷட்டர் சுமாரா 1/200 செகண்ட் வேணும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, அதுக்கு ஐஎஸ்ஓ-வ (கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு) ஏத்துனா படம் பூரா மணல் தூவுன மாதிரி ஆயிடும். ஸ்டெபிலைசர் இருக்கேன்னு கேப்பீங்க, அது உங்க கை நடுக்கத்தத்தான் பிடிக்கும், பொண்ணோட அசைவ பிடிக்காது. ஆக இவ்ளோ செலவு பண்ணி கெடைக்கறது அதே கலங்கல், என்ன கொஞ்சம் பெருசா.

காசே இல்லாம 2எக்ஸ் வேணுமா, 12 மெகாபிக்சல் படம்னா 4000க்கு 3000 பிக்சல், அத நடுவுல பாதி பாதியா வெட்டுனா 2000க்கு 1500, அதாவது 3 மெகாபிக்சல் மிச்சம் இருக்கும். நாலுக்கு ஆறு இஞ்ச் பிரிண்ட் நல்லா வர 1800க்கு 1200 போதும். ஆல்பத்துல ஒட்டவும் சொந்தக்காரங்க குரூப்ல அனுப்பவும் எடுக்குற போட்டோவுக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்? பெரிய சைஸ்ல ஃப்ரேம் போட்டு மாட்டப் போறீங்கன்னா நல்ல டெலி கன்வெர்ட்டர் கண்டிப்பா இத விட விவரமா குடுக்கும், அத ஒத்துக்கறேன், ஆனா "செட்"ல வர்றது நல்ல கன்வெர்ட்டரா இருக்குறது அபூர்வம், ஓரத்துல எல்லாம் ஊதா கலர்ல ஒரு கோடு ஓடும், நடுவுல மட்டும்தான் ஷார்ப்பா இருக்கும், எப்படியும் ஓரத்த வெட்டத்தான் போறீங்க.

நானும் ஒரு காலத்துல இந்த மாதிரி ஒரு செட் வாங்குனவன்தான், அதனாலதான் இவ்ளோ பேசுறேன். வாங்கின வாரமே அக்கா பையன் பிறந்தநாள், கேக் வெட்டும்போது பெருமையா டியூப மாட்டிக்கிட்டு ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா ஒவ்வொரு படத்துலயும் கீழ் மூலைல அரை வட்டமா கருப்பு நிழல், ஃப்ளாஷ் வெளிச்சத்த டியூபே மறைச்சிருக்கு, கேக்கு இருக்குற இடத்துல நிலா கிரகணம். ஜூம கொறைச்சு எடுத்த படத்துல எல்லாம் சுத்தி கருப்பு வளையம் வேற, டெலிய ஃபுல் ஜூம்லதான் உபயோகப்படுத்த முடியும்னு வித்தவர் சொல்லவே இல்ல. அக்கா இன்னும் அந்த ஆல்பத்த காட்டி சிரிக்கும்.

வைடு லென்ஸ் விஷயம் வேற, அதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு. தூரத்த வெட்டி கிட்ட கொண்டு வரலாம், ஆனா படத்துல விழாத ஆள எந்த சாஃப்ட்வேராலயும் கொண்டு வர முடியாது. முதுகு சுவத்துல முட்டுற வரைக்கும் பின்னாடி போயாச்சு, இன்னும் ரெண்டு பேரு வெளிய நிக்கறாங்கன்னா வைடுதான் வழி. ஆனா 0.45 வேண்டாம், 35-ல 0.45 போட்டா 16 மிமீ கிட்ட வரும்னு கணக்கு சொல்லும், நெஜத்துல மூலை நாலும் இருட்டா போய் நீங்க ஜூம் பண்ணித்தான் அத மறைக்கணும், ஓரத்துல நிக்கிற பெரியப்பா மொகம் வேற பூசணிக்கா மாதிரி வீங்கும். 0.7 போதும், 24.5 மிமீ வரும், ஒரு ஹாலுக்கு அது தாராளம். அசையாத ஆளுங்கன்னா கேமராவ செங்குத்தா பிடிச்சு மூணு படம் எடுத்து பனோரமாவா ஒட்டிடலாம், அதுக்கு காசே இல்ல. (0.45 லென்ஸ்ல பலதுல முன் பாதிய திருகி கழட்டுனா பின்னாடி ஒரு மேக்ரோ லென்ஸ் இருக்கும், பூ, மோதிரம் எல்லாம் கிட்டத்துல எடுக்க நல்லா இருக்கும், ஆனா அதுக்காக செட்டு வாங்காதீங்க, குளோஸ்-அப் ஃபில்டர் தனியாவே சல்லிசா கெடைக்கும்.)

ஆட்-ஆன் லென்ஸே மோசம்னு சொல்லல. புஜிபிலிம் எக்ஸ்100 கேமரா வரிசைக்கு அந்த கம்பெனியே ரெண்டு கன்வெர்ட்டர் போட்டிருக்கு, 35 மிமீ-ய ஒண்ணு 28 ஆக்கும், இன்னொண்ணு 50 ஆக்கும், ரிக்கோ ஜிஆர் கேமராவுக்கும் 0.75 வைடு உண்டு, படம் அருமையா வரும். அதெல்லாம் அந்த ஒரு லென்ஸுக்குன்னே கணக்கு போட்டு செஞ்சது. அதுல ஒரு விஷயம் கவனிங்க, எக்ஸ்100-க்கு டெலில 1.4 மடங்குக்கு மேல அந்த கம்பெனியே போகல. எல்லா கேமராவுக்கும் பொருந்தும்னு 2எக்ஸ் விக்கறவர் என்ன மந்திரம் வச்சிருக்காரோ தெரியல.

இப்ப என் தொழிலுக்கு, அதாவது பண விஷயத்துக்கு வரேன். கார்டு பாக்கி ஓடும்போது அதே கார்டுல புதுசா எது வாங்குனாலும் பெரும்பாலான கார்டுல வட்டியில்லா நாள் கெடைக்காது, வாங்குன அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும், தவணைக்கு தனியா ஒரு கட்டணமும் போடுவாங்க. அதனால அந்த ஆறு தவணைக்கு என்ன கட்டுறதா இருந்தீங்களோ அதே தொகைய மாசா மாசம் கார்டு பாக்கிக்கு கட்டுங்க, அது முடிஞ்சதும் அதே தொகைய நிறுத்தாம தனியா ஒரு சேமிப்புல போடுங்க, செட்டு விலை சேந்துடும், இன்னும் கொஞ்ச மாசம் போட்டா லென்ஸ் பெருசா இருக்குற ஒரு பழைய கேமராவே வாங்கிடலாம், செகண்ட் ஹேண்ட்தான், அதுக்கென்ன, உங்க கேமராவ வித்த காசும் அதுல சேரும்.

அதுக்கு முன்னாடி இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. போன வருஷம் எடுத்த படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல திறந்து ஒவ்வொண்ணோட விவரத்துலயும் ஃபோக்கல் லென்த், அதாவது அந்த மிமீ கணக்கு, என்னன்னு பாருங்க, கேமராவோட சின்ன நம்பர்லயே நெறைய படம் இருந்தா உங்களுக்கு வேண்டியது வைடு, பெரிய நம்பர்ல நெறைய இருந்தா டெலி, ரெண்டும் இல்லாம நடுவுலயே இருந்தா உங்களுக்கு எதுவுமே வேண்டாம். வைடுன்னு வந்து பாக்கியும் தீந்துட்டா 0.7 மட்டும் தனியா வாங்குங்க, வாங்கறதுக்கு முன்னாடி கேமராவ கையோட எடுத்துட்டுப் போயி மாட்டிப் பாருங்க. டியூப் கேமரா பாடில உக்காரணும், வெளிய நீளுற லென்ஸ் குழாய்ல காந்த வளையம் ஒட்டி மாட்டுற டைப்ப கண்டிப்பா வேண்டாம்னு சொல்லிடுங்க, அந்த பாரத்த குட்டி மோட்டார் தாங்காது, ஒரு நாள் லென்ஸ் எரர்னு காட்டிட்டு அப்படியே நின்னுடும்.