கன்சோலில் உட்காரப்போவது யார்?

அன்புள்ள டாக்டர் ஐயாவுக்கு,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 64 வயது. ப்ராஸ்டேட்டில் புற்றுநோய், பரவவில்லை. கோவையில் ரோபோ மூலம் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தில் ‘பயிற்சி மருத்துவர்களும் பங்கேற்பார்கள்’ என்று ஒரு வரி. அதைப் படித்ததும் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “என் உடம்புலயா பழகப் போறாங்க?” என்கிறார். நான் அவருக்கு என்ன சொல்லட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அவருடைய ஆபரேஷனில் பயிற்சி மருத்துவர் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த மருத்துவர் ரோபோவில் முதன்முதலாக ஊசி பிடிப்பது அப்பாவின் உடம்பில் என்று ஆகிவிடக் கூடாது.

நானெல்லாம் நேராக நோயாளியின் உடம்பில்தான் பழகினேன். எதிரே என் ஆசிரியர் நிற்பார். தையல் ஆழமாகப் போனால் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிடுவார். ரோபோ வந்ததும் அந்த வழி அடைபட்டது. கன்சோலில், அதாவது டாக்டர் உட்கார்ந்து ரோபோவின் கைகளை இயக்கும் இடத்தில், ஒருவர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் கை பழகாது. இப்போது சில இடங்களில் இரட்டைக் கன்சோல் இருக்கிறது, ஆசிரியர் நினைத்த கணத்தில் கருவியைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளலாம். அது இல்லாத இடத்தில், நோயாளி இல்லாமலே ஆபரேஷனைப் பழகும் கருவியான சிமுலேட்டரில் செலவிடும் நேரம்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நானும் சிமுலேட்டரில் உட்கார்ந்தேன். ப்ராஸ்டேட்டை எடுத்தபின் சிறுநீர்ப்பையின் வாயையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் சுற்றிலும் தைத்து இணைக்க வேண்டும். முழு ஆபரேஷனிலும் மிகக் கடினமான கட்டங்களில் ஒன்று இது, சரியாக அமையாவிட்டால் சிறுநீர் கசியும். திரையில் எல்லாம் பத்து மடங்கு பெரிதாகத் தெரிந்தது. கை நடுக்கத்தைக் கருவியே வடிகட்டிவிட்டது. இருந்தும் நான் முடிச்சை இழுத்தபோது நூல் அறுந்துபோனது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் அறுந்தது. இதுவரை வந்த பெரும்பாலான ரோபோக்களில் இழுவிசை விரலுக்குத் தெரியாது. இழுக்கிற இடத்தில் சதை லேசாக வெளுக்கும், நூலின் தொய்வு மறையும். அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். விரல் செய்த வேலையைக் கண் கற்றுக்கொள்ள வேண்டும். ஊட்டியில் ஒரு தோடர் அம்மா, துணியில் கோடு எதுவும் போடாமல் இழையை எண்ணி எண்ணிப் பூ வேலை செய்வதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு எத்தனை ஆண்டுப் பழக்கமோ! பயிற்சி மருத்துவருக்கோ எம்.சிஎச். என்ற உயர் அறுவை சிகிச்சைப் படிப்பு மூன்று வருடம்தான், அதற்குள் கல், சிறுநீரகம், இரவு டூட்டி எல்லாம் அடங்கும்.

அதனால் ‘ஐம்பது கேஸ் பார்த்திருக்கிறேன்’ என்ற எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கைத்திறனை அளக்க கியர்ஸ் என்றொரு அளவுகோல் இருக்கிறது. ஆழத்தை உணர்வது, இரண்டு கையையும் சேர்த்துப் பயன்படுத்துவது, சதையை எவ்வளவு மென்மையாகக் கையாள்கிறார் என்பது போன்ற ஆறு தலைப்பு, தலா 5 மதிப்பெண். வீடியோவைப் போட்டுப் பார்த்து மதிப்பெண் தரலாம். அதில் தேறியவருக்கு மட்டும் கன்சோலைக் கொடுப்போம், அதுவும் ஒவ்வொரு கட்டமாக. சுலபமான கட்டங்கள் முதலில், இணைப்புத் தையல் கடைசியில். எல்லாப் பயிற்சி மருத்துவமனையிலும் இது கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரியவர்களும் இப்படிக் கற்றவர்கள்தான். டாவின்சி என்ற ஆபரேஷன் ரோபோவுக்கு அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. ப்ராஸ்டேட் புற்றுக்கு அதைப் பயன்படுத்தும் முறையை வகுத்த முன்னோடிகளில் ஒருவர் அப்போது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பணியாற்றிய மணி மேனன், நம் புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். வயிற்றைத் திறந்து செய்வதில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தும், லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன், தெரிந்த பிரெஞ்சு நிபுணர்களை வரவழைத்துத் தொடங்கினார்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பெரிய டாக்டர் கன்சோலில், அப்பாவிடமிருந்து சில அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். கையுறையும் கவுனும் போட்டு அப்பாவின் பக்கத்திலேயே நிற்பவர்களில் அந்தப் பயிற்சி மருத்துவரும் இருப்பார். ரத்தம் பெருகி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், ரோபோவின் கைகளைக் கழற்றி வழிவிடுவதும் அந்த இடத்தை அழுத்திப் பிடிப்பதும் பக்கத்தில் நிற்பவர்கள் வேலை. அதை முன்கூட்டி ஒத்திகை பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எந்தக் கட்டத்தை யார் செய்யப்போகிறார், பெரிய டாக்டர் முழு நேரமும் தியேட்டரில் இருப்பாரா என்றும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடட்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்போது அநேகமாக கேத்தீட்டர், அதாவது சிறுநீரைப் பைக்குள் வடிக்கும் குழாய், இருக்கும். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே வைத்திருங்கள். மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி, பையைக் காலி செய்துவிட்டு மலை ஏறுங்கள்.

அன்புடன்.