விசா முடிந்தவர் போலீசிடம் போகலாமா?

அமெரிக்காவில் விசா முடிந்த உங்கள் நண்பர், அடிபட்டும் புகார் கொடுக்கப் பயப்படுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். கலிபோர்னியாவில் அடிபட்டவர் புகார் கொடுக்க வந்தால், உள்ளூர் போலீஸ் அவரிடம் விசா பற்றிக் கேட்கக் கூடாது. 2018 முதல் எஸ்பி 54 என்ற மாநிலச் சட்டம் அப்படித்தான்.

உங்கள் நண்பரின் பயம் ஜெயிலில் எடுக்கும் கைரேகையிலிருந்து வந்திருக்கும். கைதானவரின் ரேகை எஃப்பிஐ வழியாகக் குடிவரவுத் துறைக்கும் போய்விடும். புகார் கொடுப்பவருக்கு ரேகை எடுக்கும் வேலையே இல்லை. ஆனால் இவரும் திருப்பி அடித்திருந்தால் இவரையும் கைது செய்யலாம், அதனால் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, யூ விசாவுக்கான (குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவுபவருக்குத் தரும் விசா) ஐ-918 பி படிவத்தில் போலீசின் கையெழுத்துக் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். கையெழுத்தான 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் தருகிறார்கள், வரிசை நகர வருஷக்கணக்காகும். சாதாரணக் கைகலப்புக்குக் கிடைக்காது, கடுமையான தாக்குதலாக இருக்க வேண்டும்.

போலீஸ் விசா பற்றிக் கேட்கக் கூடாது என்ற விதி டெக்சாஸுக்குப் பொருந்தாது, அங்கே சட்டம் வேறு.