அடக்கி வாசித்த வயலின்கள்

கேள்வி: 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சியில் வயலின் கிரீச்சிடுவதால்தானே குலை நடுங்குகிறது? அப்படியிருக்க, நம் சஸ்பென்ஸ் படங்களில் பின்னணி இசை காதைப் பிளந்தால் மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: கிரீச்சிடுகிற இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் எவ்வளவு நேரம் அடக்கி வாசிக்க வைத்திருக்கிறார், கவனித்தீர்களா?

1960இல் வந்த ஹாலிவுட் படம். பட்ஜெட் குறைவு. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் எனத் தந்தி வாத்தியங்களோடு நிறுத்திக்கொண்டார். அவற்றையும், தந்திகளைத் தாங்குகிற 'குதிரை' என்ற பாலத்தின்மேல் மியூட் என்கிற சின்னக் கட்டையைச் செருகித்தான் வாசிக்க வைத்தார். மூச்சடைத்த மாதிரி ஒரு நாதம் வரும். அந்தக் கட்டையைக் கழற்றச் சொன்னது குளியலறைக் காட்சிக்குத்தான்.

கதாநாயகி மரியன் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு மழையில் கார் ஓட்டிப்போகிறாள் அல்லவா, அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு பெண் ஊருக்குப் போகிறாள், வைப்பர் ஆடுகிறது, அவ்வளவுதான். இப்போது சத்தத்தை வையுங்கள். டைட்டிலில் கேட்ட அதே படபடப்பு திரும்ப வந்து அவளைத் துரத்தும். பின்னால் யாரும் துரத்தி வரவில்லை, ஆனாலும் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் ஹெர்மனின் பெரிய சாதனை இந்தக் கார் பயணம்தான், குளியலறை இரண்டாவதுதான்.

சரி, குளியலறைக்கே வருவோம். அங்கே இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். ஹெர்மன் விடாமல் எழுதி, கேட்க வைத்த பிறகே மனம் மாறினார். ஆனாலும் அவர் கேட்ட மௌனம் அந்தக் காட்சியில் இருக்கத்தான் செய்கிறது. திரைச்சீலைக்குப் பின்னால் நிழல் நெருங்கி வரும்போது ஷவர் தண்ணீரின் சத்தம் மட்டும்தான், ஒரு சுரம்கூடக் கிடையாது. சீலை விலகுகிற அந்த நொடியில்தான் வயலின்கள் அலறுகின்றன. கத்திக்குத்துப்பட்ட மரியன் சுவரோடு சரியும்போது அடித்தந்திகள் மெல்ல இழுபடுகின்றன. அப்புறம் அதுவும் நின்று, வடிகாலில் தண்ணீர் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நம் படங்களில் நிழல் தெரியும் முன்பே முரசு கொட்டிவிடுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த சஸ்பென்ஸ் படத்தில் இசை இப்படி வாயை மூடிக் காத்திருக்கிற இடம் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதுங்கள். அடுத்த இதழிலேயே போடுகிறேன்.